காலையில் நாலு அழுத்து, மதியம் ஒரே அழுத்து: கம்ப்யூட்டருக்கு வயதானால் எது முதலில் போகும்?

ஜெராக்ஸ்கடை_தருமபுரி

வணக்கம். தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் சின்னதாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கியது, 10 வருடம் முடிந்துவிட்டது. ஆறு மாதமாக ஒரு வினோதம். காலையில் மெயின் சுவிட்சைப் போட்டுப் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் ஒரு சுற்று. மூன்றாவது, நாலாவது தடவைதான் உயிர் வருகிறது. வந்துவிட்டால் இரவு கடை சாத்தும்வரை ஒரு குறையும் இல்லை. மதியம் அணைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து போட்டால் ஒரே அழுத்து. மார்கழியில் இன்னும் மோசம், ஏழெட்டுத் தடவை ஆகும்.

சர்வீஸ் கடையில் காட்டினேன். மதர்போர்டு போய்விட்டது, மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். மதர்போர்டு போயிருந்தால் மதியத்தில் மட்டும் எப்படி வேலை செய்யும்? எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர்_பையன்

10 வருடம் ஓடியதே பெரிய விஷயம் அண்ணா. புதுசு ஒன்று வாங்கிவிடுங்கள், எஸ்எஸ்டி (சுற்றுகிற பாகம் இல்லாத டிஸ்க்) போட்டால் பறக்கும்.

சால்டர்_புகை

தம்பி, புதுசு வாங்குவது எல்லோருக்கும் தெரியும். அவர் கேட்டது வேறு.

ஜெராக்ஸ்கடை சார், நான் கிருஷ்ணகிரியில் 20 வருடத்துக்கு மேல் ஈயம் உருக்கிக்கொண்டிருப்பவன். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. குளிர்ந்திருந்தால் வராது, சூடேறினால் வரும். மார்கழியில் மோசம். இப்படி நடந்துகொள்ளும் பொருள் ஒரு கம்ப்யூட்டருக்குள் பெரும்பாலும் ஒன்றுதான்: கெப்பாசிட்டர், மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்துத் தருகிற டப்பா. அதுவும் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியில், இருக்கும் ஈரக் கெப்பாசிட்டர்.

அந்தச் சின்ன டப்பாவுக்குள் அலுமினியத் தகடும் காகிதமும் சுருட்டி, எலக்ட்ரோலைட் என்ற திரவத்தில் நனைத்து வைத்திருப்பார்கள். அடியில் ரப்பர் அடைப்பு. சூட்டில் அந்த ஈரம் வருடக்கணக்கில் ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரம் குறையக் குறைய உள்தடை ஏறும். குளிரில் மீதியிருக்கிற திரவமும் கெட்டிப்படுவதால் தடை இன்னும் ஏறும். எஸ்எம்பிஎஸ் கிளம்பும் அந்த நொடியில் வேண்டிய மின்சாரம் கிடைக்காது, அடங்கிவிடும். நீங்கள் நாலு தடவை அழுத்துவது அதைச் சூடேற்றுகிற வேலை. பழைய டீசல் வண்டியைக் காலையில் ‘கர் கர்’ என்று இழுத்துக் கிளப்புவது மாதிரி.

ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. இன்று இரவு கம்ப்யூட்டரை அணையுங்கள், ஆனால் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஸ்டாண்ட்பை என்று ஒரு 5 வோல்ட் பகுதி ராத்திரி முழுக்க ஓடி, உள்ளே லேசாகச் சூடு வைத்திருக்கும். காலையில் ஒரே அழுத்தில் வருகிறதா பாருங்கள்.

ஜெராக்ஸ்கடை_தருமபுரி

அண்ணா, நம்ப மாட்டீர்கள். சுவிட்சைப் போட்டபடியே விட்டேன். காலையில் ஒரே அழுத்து!

சரி, அப்படியே தினமும் விட்டுவிட்டால் போதாதா?

சால்டர்_புகை

போதும், ஒரு நாலைந்து மாதத்துக்கு. அப்புறம் மதியமும் வராது. சுவிட்சைப் போட்டே வைத்தால் ஸ்டாண்ட்பை கெப்பாசிட்டர் 24 மணி நேரமும் தேயும். உள்ளதும் சீக்கிரம் போகும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். கெப்பாசிட்டர் மேலே ‘105 டிகிரி’ என்று அச்சடித்திருக்கும். சாதாரண ரகம் அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று கம்பெனி விவரத்தாளில் இருக்கும். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற தோராயக் கணக்கு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் 65 டிகிரி என்று வையுங்கள். 40 டிகிரி இறக்கம், நாலு தடவை இரட்டிப்பு, 32,000 மணி. தினம் 10 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 3,000 மணி. பத்து வருடமும் சில மாதமும். உங்கள் மெஷினுக்கு ஏறக்குறைய நாள் குறித்தாகிவிட்டது.

அதே பொருளை சிமெண்ட் ஷீட் போட்ட அறையில், மேசைக்கு அடியில் சுவரை ஒட்டித் தள்ளி வைத்து, உள்ளே 75 டிகிரி ஆனால்? 16,000 மணி. அஞ்சு வருடம்தான். தருமபுரிக் கோடையில் ஷீட் கூரைக்கு அடியில் உட்கார்ந்தவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கல்_பாலிஷ்

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். இங்கே சூட்டைவிடத் தூசிதான் எமன். கல்லைத் தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறார்கள், பாலிஷும் அப்படித்தான். ஆனால் தரையில் வழிந்த சேறு காய்ந்து லாரி போகும்போதெல்லாம் கிளம்பும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிபியுவைத் திறந்தால் உள்ளே எல்லாம் சாம்பல் நிறத்தில் திருநீறு பூசினாற்போல் இருக்கும். ப்ராசஸர் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். ப்ராசஸர் சூடாகி, வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, டேலி திறக்க அரை நிமிடம் ஆகும். வைரஸ் என்று நினைத்து ஆன்டிவைரஸ் வாங்கினோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. ஃபேன் ‘கிர்ர்’ என்று சத்தம் போட்டது. எங்கள் சூப்பர்வைசர் ஸ்டிக்கரை உரித்து இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டார். சத்தம் போய்விட்டது, எல்லோரும் பாராட்டினோம். மார்கழி பிறந்தது. ஒருநாள் காலையில் ஃபேன் சுற்றவே இல்லை. வீட்டில் எண்ணெய்ப் பாட்டில் உறைந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சால்டர்_புகை

நல்ல வேளை சிரித்துவிட்டுத்தான் படித்தேன், கையில் சால்டரிங் அயர்ன் இருந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். கோடையிலும் அது ஆகாது, தூசியோடு சேர்ந்து பிசின் ஆகிவிடும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். அதுவும் அடுத்த ஃபேன் வாங்கும்வரைதான். மலிவு ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங், உள்ளே இருக்கிற எண்ணெய் காய்ந்தால் கதை முடிந்தது. பால் பேரிங் ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் சூட்டில் கூடுதல் நாள் உழைக்கும்.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வெறிபிடித்தாற்போல் சுற்றவிட்டுப் பேரிங்கைக் கெடுப்பவர்கள் நிறைய.

ஓசூர்_நைட்ஷிப்ட்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சால்டர் சார் சொல்வது கெப்பாசிட்டருக்குச் சரி. ஆனால் ‘சூடுதான் எல்லாவற்றுக்கும் காரணம்’ என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹார்டு டிஸ்க் வேறு ஜாதி. கூகுள் தன் டேட்டா சென்டர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. எல்லோரும் நம்பியதுபோல் சூடு கொஞ்சம் கூடியதால் டிஸ்க் சாவு கூடவில்லை. மிக அதிகச் சூட்டிலும், வயதான டிஸ்குகளிலும் மட்டும்தான் அந்தத் தொடர்பு தெரிந்தது.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்துக்கொள்ளும் ஸ்மார்ட் கணக்கில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்தவை 36 சதவீதத்துக்கு மேல். அதனால் ‘ஸ்மார்ட் நல்லா இருக்கு’ என்று யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். ஆனால் எச்சரிக்கை வந்துவிட்டால் அதை நம்ப வேண்டும்: முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் போவதற்கான வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு.

ஜெராக்ஸ்கடை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை இறக்கிப் போட்டுப் பாருங்கள், இந்த ஸ்மார்ட் கணக்கைக் காட்டும். உங்கள் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் அதில் இருக்கும்.

ஜெராக்ஸ்கடை_தருமபுரி

பார்த்தேன். 31,412 மணி. சால்டர் அண்ணா போட்ட கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. மேலே மஞ்சள் நிறத்தில் ‘கவனம்’ என்று காட்டுகிறது. சி5 என்ற வரியில் 8 இருக்கிறது. அது என்ன?

ஓசூர்_நைட்ஷிப்ட்

படிக்க முடியாமல் டிஸ்க் சந்தேகத்தில் வைத்திருக்கிற செக்டர்கள் 8. இன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் காப்பி எடுங்கள். டிஃப்ராக், ஸ்கேன் என்று எதையும் ஓட்டி அதைக் கசக்காதீர்கள். டிஸ்கின் தலை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. கீறல் விழுந்திருந்தால் ஓட்ட ஓட்டப் பெரிதாகும்.

கல்யாண_ஆல்பம்

காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி. எடிட் செய்து முடித்த கல்யாணங்களை எல்லாம் எஸ்எஸ்டியில் ஏற்றி பீரோவில் வைக்கிறேன். சுற்றுகிற பாகம் எதுவும் இல்லாததால் ஹார்டு டிஸ்கைவிடப் பத்திரம் என்று நினைத்தேன். சரிதானே?

ஓசூர்_நைட்ஷிப்ட்

கீழே விழுந்தால் தாங்கும், அந்த வகையில் பத்திரம். பீரோவில் வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடப்பதற்கு அது சரியான பொருள் இல்லை. எஸ்எஸ்டியில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மெல்லிய காப்புக்குள் அடைத்து வைத்த மின்னேற்றம்தான். எழுதி அழித்து எழுதி அழித்து அந்தக் காப்பு தேயும். தேய்ந்த பிறகு மின்னேற்றம் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பு சாதாரண எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கிற அளவுகோல் இதுதான்: எழுதும் அளவு முழுக்கத் தீர்ந்த பிறகு, 30 டிகிரியில், கரண்ட் இல்லாமல் 1 வருடம் தகவல் நிற்க வேண்டும். புது எஸ்எஸ்டி இதைவிட நிறைய நாள் தாங்கும். ஆனால் எடிட்டிங்கில் நன்றாகத் தேய்த்துவிட்டு, அதையே காப்பகமாக பீரோவில் வைப்பது தலைகீழ் வேலை. கோடையில் உங்கள் பீரோ 30 டிகிரியில் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாண_ஆல்பம்

நான் செய்வது அப்படியே அதுதான். எடிட்டிங்கில் பழசானதைத்தான் பீரோவுக்கு அனுப்புகிறேன். இன்று ராத்திரி தூக்கம் போச்சு.

சால்டர்_புகை

ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி இரண்டிலும் ஏற்றுங்கள். ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாட்டிப் பாருங்கள். கல்யாணம் முடிந்து பத்து வருடம் கழித்து வந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நமக்குத் தெரியாதா.

பட்டுக்கூடு

நான் பென்னாகரம் பக்கம். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். என் பழைய கம்ப்யூட்டரை மாமனார் வளர்ப்பு மனையை ஒட்டிய அறையில் வைத்துவிட்டார். இரண்டே வருடத்தில் யூஎஸ்பி ஒவ்வொன்றாகச் செத்தது. அப்புறம் டிஸ்ப்ளே வராமல் ‘பீப் பீப்’ சத்தம். ராம் கழற்றிப் பார்த்தால் தங்க நிறமாக இருக்க வேண்டிய பற்களில் கறுப்பாகப் புள்ளி, ஓரத்தில் பச்சை. பள்ளிக்கூடப் பையனின் ரப்பரால் தேய்த்துப் போட்டேன், வந்துவிட்டது. மூன்று மாதத்தில் மறுபடி. எங்கள் வீட்டில் ஈரமும் இல்லை, கிரானைட்டும் இல்லை. எதனால்?

சால்டர்_புகை

ஒவ்வொரு வளர்ப்பு முடிந்ததும் மனையைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்துக் கழுவுவீர்கள் இல்லையா அக்கா?

பட்டுக்கூடு

ஆமாம். புழு எடுத்த பிறகும் அடிப்போம், அடுத்த முட்டை வருவதற்கு முன்பும். தரையில் சுண்ணாம்பும் தூவுவோம்.

சால்டர்_புகை

அதுதான். பிளீச்சிங் பவுடரிலிருந்து வருகிற குளோரின் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். ராம் பற்களில் இருக்கிற தங்கப்பூச்சு மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். அது வழியாக அடியில் இருக்கிற உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் தேய்த்தால் கறுப்பு போகும், கூடவே தங்கமும் கொஞ்சம் போகும். அதனால்தான் மூன்று மாதத்தில் திரும்ப வந்தது. அடுத்த முறை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்றுவதுதான் மருந்து. மாமனாரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பட்டுக்கூடு

கம்ப்யூட்டரை மாற்றுவது சுலபம். மாமனாரிடம் சொல்வதுதான்...

பர்கூர்_பையன்

எல்லாம் சரி. ஆனால் அந்தக் காலத்துப் பொருள் உழைத்த மாதிரி இப்போது எதுவும் உழைப்பதில்லை. எங்கள் தாத்தா வீட்டில் 2001-ல் வாங்கிய கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகிறது.

ஓசூர்_நைட்ஷிப்ட்

2001-ல் வாங்கியவர்களில் இன்னும் ஆன் ஆகிறவர்கள் மட்டும்தான் பேசுகிறார்கள் தம்பி. மற்றவை காயலான் கடைக்குப் போய்விட்டன, அவை வந்து பதிவு போடாது.

சால்டர்_புகை

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். 2000-களின் தொடக்கத்தில்தான் கெப்பாசிட்டர் கொள்ளைநோயே வந்தது. எலக்ட்ரோலைட் கலவை தப்பாகி, உள்ளே வாயு சேர்ந்து, மதர்போர்டில் வரிசையாகத் தலை உப்பி நிற்கும். இரண்டு மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. ஒரு நாளைக்குப் பத்துப் போர்டு மாற்றியிருக்கிறேன். டப்பா மேலே சிலுவை போட்டாற்போல் ஒரு கீறல் இருக்கும், வெடிக்காமல் அந்த இடத்தில் திறந்துகொள்வதற்கு. அந்த அனுபவத்துக்குப் பிறகு மதர்போர்டு செய்பவர்கள் ஈரமில்லாத பாலிமர் கெப்பாசிட்டருக்கு மாறினார்கள். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னும் பெரும்பாலும் ஈரம்தான். அதனால்தான் இந்த மாதிரிக் கோளாறில் மதர்போர்டை நான் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன்.

சிலிக்கானும் சாகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாதாரணமாக மற்றது எல்லாம் செத்த பிறகுதான் அதன் முறை வரும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்

சாதாரணமாக. 2024-ல் இன்டெல் தன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் சில அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டுத் தளர்ந்துபோவதை ஒப்புக்கொண்டு, திருத்தமும் கொடுத்து வாரண்டியை 2 வருடம் நீட்டியதே. ‘ப்ராசஸர் சாகாது’ என்று சத்தியம் செய்தவர்கள் எல்லாம் அன்று வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜெராக்ஸ்கடை_தருமபுரி

காப்பி எடுத்துவிட்டேன். இரண்டு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை, பழைய கல்யாணப் பத்திரிகை டிசைன்கள். போகட்டும்.

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் சில நாளாகத் தேதி 2009-க்குப் போய்விடுகிறது. பிரவுசரில் எந்தப் பக்கம் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்கிறது. அப்புறம், சிபியு மேல் வெறுங்காலோடு கை வைத்தால் ‘சுள்’ என்கிறது. இதெல்லாம் ஒரே வியாதியா?

சால்டர்_புகை

மூன்றும் வேறு வேறு. தேதி போவது மதர்போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரி, சிஆர்2032. வாட்ச் கடையில் கிடைக்கும். தேதி தப்பினால் இணையதளச் சான்றிதழ் காலம் பொருந்தாது, அதனால்தான் பிரவுசர் கத்துகிறது.

சுள் என்பதை விளையாட்டாக எடுக்காதீர்கள். உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் வாசலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும், இரைச்சலை எர்த்தில் இறக்க. எர்த் இல்லை என்றால் பாடி நடுவில் தொங்கும், 230-ல் பாதி, 115 வோல்ட் பக்கம். டெஸ்டர் வைத்தால் எரியும். மின்னோட்டம் குறைவு என்பதால் சுள்ளென்று நிற்கிறது. ஆனால் இடி இடிக்கிற நாளில் திடீரென்று எகிறி வருகிற மின் எழுச்சி போக வழியில்லாமல் உள்ளேயே அடிக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ‘சர்ஜ் ப்ரொடெக்டர்’ என்று எழுதியிருந்தாலும் எர்த் இல்லாமல் அது பாதி வேலைதான் செய்யும். அதற்குள் எழுச்சியை வாங்கிக்கொள்ளும் எம்ஓவி என்ற பாகமும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும், அதற்கும் வயது உண்டு.

நம் இரண்டு மாவட்டத்திலும் மண்ணுக்கு அடியில் பாறை. எர்த் குழி போட்டாலும் கோடையில் காய்ந்துவிடும். கட்டட உரிமையாளரிடம் குழி எங்கே என்று கேளுங்கள். இருந்தால் பங்குனி, சித்திரையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே திறக்காதீர்கள். பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லை பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். டிஸ்கை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சால்டர்_புகை

வந்து சேர்ந்தது. திறந்தேன். ஒரு காய்ந்த பல்லி, அது கணக்கில் இல்லை. மின்சாரம் வெளியே வரும் பக்கத்தில் பெரிய கெப்பாசிட்டர்கள் இரண்டின் அடியில் பழுப்பாகப் பொறுக்கு. ஆனால் அசல் திருடன் வேறு. ஸ்டாண்ட்பை ஐசிக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு பொடியன், 47 மைக்ரோஃபாரட், சுண்டுவிரல் நகம் அளவு. ஹீட் சிங்கை ஒட்டி உட்கார்ந்திருந்தான். தலை உப்பவில்லை, கசியவில்லை, பார்த்தால் புதுசு மாதிரி. மீட்டரில் வைத்தால் 9. ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டினேன், 20-க்கு ஏறியது. காலையும் மதியமும் உங்கள் மேசையில் நடந்ததை என் மேசையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டேன்.

ஐந்து கெப்பாசிட்டர் மாற்றினேன், மொத்தம் 70 ரூபாய்ப் பொருள். ஃபேனும் மாற்றியாகிவிட்டது. உப்பியதை மட்டும் மாற்றுகிறவர்கள் இதைக் கோட்டை விடுவார்கள்.

பர்கூர்_பையன்

அண்ணா, சனிக்கிழமை சனிக்கிழமை உங்கள் கடைக்கு வந்து கற்றுக்கொள்ளலாமா?

சால்டர்_புகை

வா. மூக்குக்கு மாஸ்க் எடுத்து வா, புகை உனக்கு ஆகாது.

ஜெராக்ஸ்கடை_தருமபுரி

மாட்டிவிட்டேன். புது டிஸ்க், புது பேட்டரி. எர்த் வேலைக்கு எலெக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மூன்று நாளாக சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறேன், காலையில் ஒரே அழுத்து.

ஒரே ஒரு சிக்கல். கடையில் டைப் அடிக்கிற அக்காவுக்குக் கை பழகிவிட்டது. முதல் அழுத்திலேயே ஆன் ஆகி விண்டோஸ் வந்துகொண்டிருக்கும்போது, திரையைப் பார்க்காமலே இரண்டாவது தடவையும் அழுத்திவிடுகிறார். அது ‘ஷட்டிங் டவுன்’ என்று அணைகிறது. ‘பாருங்க, இன்னும் சரியாகலை’ என்று என்னைக் கூப்பிடுகிறார்.